நத்தை இன்னும் புதுச்சேரியில்

செப். 12, வெள்ளி. வெள்ளானூர்

காலையிலிருந்தே புழுக்கம். முருங்கை இலைகூட அசையவில்லை. துணி துவைத்தேன். மூன்று பேருடைய மொத்தத் துணியும். எத்தனை தண்ணீரில் அலசினாலும் கொடியில் காய்ந்ததும் உப்புப் பூக்கிறது. தேனு குழாயைத் திறந்துவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு பதறிப்போய் மூடினாள். "அம்மா, இது பாட்டுக்கு வந்துட்டே இருக்கு." பதினைந்து வயதுப் பெண் குழாயை இப்படிப் பார்ப்பதை அக்கா பார்த்திருந்தால் என்னைத்தான் திட்டுவாள்.

தரை ஆடுகிறது. ஆடாமல் இருப்பதுதான் ஆடுவதுபோல் இருக்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு பல் தேய்த்தேன்.

நேற்று வீடு வந்து சேர்ந்தோம். இல்லை, தப்பு. வந்து சேரவில்லை. எங்கள் பாய்மரப் படகு, நத்தை, புதுச்சேரி மீன்பிடித் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கிறது. நாங்கள் மட்டும் வேனில் வந்திருக்கிறோம். சென்னைத் துறைமுகத்தில் கயிறு அவிழ்த்துக்கொண்டு போனது முந்தின வருஷம் தை மாதம். அந்தமான், லங்காவி, இலங்கை, மாலத்தீவு, கொச்சி, திரும்ப இலங்கையைச் சுற்றி மேலே. அதே சென்னைத் துறைமுகத்தில் கயிறு கட்டினால்தான் பயணம் முடிந்த கணக்கு. மிச்சம் இருப்பது ஒரு பகலும் ஒரு ராத்திரியும் ஓடும் தூரம். பேட்டரி மக்கர் பண்ணியதால் புதுச்சேரியில் ஒதுங்கினோம். அக்கா விடவில்லை. பேரனுக்குக் காதுகுத்தாம், ரெண்டு நாள் தலையைக் காட்டிவிட்டுப் போகவாம். அக்கா புருஷன் தயாளன் மாமா, அம்பத்தூர் எஸ்டேட்டில் ட்ரெய்லர் லாரி வைத்திருப்பவர், வேனோடு துறைமுகத்துக்கே வந்து நின்றுவிட்டார்.

வெள்ளானூர் திருப்பத்தில் ஃப்ளெக்ஸ் வேறு. "கடலை வென்று வீடு திரும்பிய எங்கள் சிங்கங்களே வருக." எங்கள் மூன்று பேர் தலை, பின்னால் ஆயிரம் ஜன்னல் வைத்த சொகுசுக் கப்பல். மாமாவிடம் கேட்டேன்.

"உங்க போட்டு போட்டோவுல சின்னதா கீதும்மா. பாக்கறவன் இன்னா நெனைப்பான்?"

வென்றும் திரும்பவில்லை, வீடும் வரவில்லை. படமும் எங்களுடையது இல்லை.

செய்ய வேண்டியது: அரிசி, பருப்பு. கேஸ். தேனுவுக்கு செருப்பு (கால் அகன்றுவிட்டது). பேட்டரி. என் தலைமுடி.

இன்னொன்று. மறந்ததுபோல் இருப்பதால் எனக்காகவே எழுதி வைக்கிறேன். கிளம்புவதற்கு முன்னால் என் வீட்டுக்காரர் சே.விடம் சொல்லிவிட்டேன், நானும் தேனுவும் தனியாகப் போகிறோம் என்று. அம்பத்தூரில் நான் கெமிஸ்ட்ரி எடுத்த பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே வீடு பார்த்து வைத்திருந்தேன். சண்டை இல்லை, அடி உதை இல்லை. வருஷம் முழுக்கக் கப்பலில் எஞ்சினியர் வேலை, நடுவில் விருந்தாளி மாதிரி வந்து மசாலா டப்பாக்களை இடம் மாற்றி வைத்துவிட்டுப் போகிற புருஷன். விருந்தாளிக்குச் சமைத்து அலுத்துவிட்டது. அவர் கத்தவில்லை. வேலையை விட்டார், வெள்ளானூர் நிலத்தில் ஒரு துண்டை விற்றுப் படகு வாங்கினார். "ஒரு தடவ என்கூட கடலுக்கு வா. சென்னை துறைமுகத்துக்குத் திரும்பி வந்ததும் நீ என்ன சொல்றியோ அதான். மறுபேச்சு பேச மாட்டேன்." சரி என்றேன். ஏன் சரி என்றேன் என்று இன்றுவரை தெரியாது.

ஆக, துறைமுகம் வந்ததும் நான் பதில் சொல்ல வேண்டும். தேனுவுக்கு இது தெரியாது. தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

செப். 14, ஞாயிறு

வெயில். திருவேற்காட்டில் காதுகுத்து. கோயிலில் நிற்க இடமில்லை. குழந்தையைவிட மாமா அதிகம் அழுதார்.

என்னிடம் கேட்டவை: கடலில் கக்கூஸ் எங்கே போவீர்கள். சுறா வந்ததா. ராத்திரி எங்கே நிறுத்துவீர்கள். (நிறுத்த மாட்டோம் என்றேன். ஒருத்தரும் நம்பவில்லை.) தங்கம் அங்கே மலிவா. பாரிவாக்கத்தில் அக்கா வீட்டுக்குப் பால் ஊற்றும் அம்மா மட்டும், "இன்னாத்துக்கும்மா போனீங்க?" என்றாள். அவளுக்கு இன்னொரு கிண்ணம் பாயசம் எடுத்து வந்தேன்.

பந்தியில் சே. தண்ணீர் கூடக் குடிக்காமல் எல்லாருக்கும் வடை வைத்துக்கொண்டிருந்தார். நான் இருந்த இடத்திலிருந்தே, "நீ சாப்ட்டியா?" என்றேன். பந்தியே திரும்பியது.

அக்கா காதோடு வந்து, "இன்னாடி, நாலு பேரு முன்னாடி புருஷன நீ வா போன்ற? கடலு இத்தான் கத்துக் குட்த்துதா?"

உண்மையில் கடல்தான் கற்றுக்கொடுத்தது. காற்று ஊளையிடும்போது 'ஏங்க' என்று கூப்பிட்டால் பாதிதான் போய்ச் சேரும். முதல் மாதமே 'நீ' ஆகிவிட்டது. கடலில் எழுதிய குறிப்புகளில் எல்லாம் 'அவன்' என்றுதான் இருக்கிறது. இங்கே வந்ததும் கை தானாக 'அவர்' என்று எழுதுகிறது. சாயங்காலம் 'ஏங்க' என்று கூப்பிட்டுப் பார்த்தேன். யாரைக் கூப்பிடுகிறேன் என்று அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

முக்கியமானது இது. மாமாவின் பங்காளி ஒருத்தர் சே.வின் தோளைத் தட்டி, "பயணம்லாம் முட்ச்சிட்டியா தம்பி?"

"முடிஞ்சிடுச்சுண்ணா."

முடிந்துவிட்டதா? அப்படியானால் என் பதில்? நான் எதிரில்தான் பாயசக் கிண்ணத்தோடு நின்றேன். சே. என்னைப் பார்க்கவில்லை. வடைத் தட்டோடு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். பேச்சுக்குச் சொன்னாரா, நினைத்துத்தான் சொன்னாரா?

செப். 17, புதன்

பகலெல்லாம் கொதிப்பு, சாயங்காலம் இடி மழை. ஆவடிப் பக்கம் கரண்ட் போய் வந்தது. புரட்டாசி பிறந்துவிட்டது, மாமா ஊட்டில் இனிக் கவிச்சி கிடையாது.

மூன்று பேரும் ஒழுங்காகத் தூங்கவில்லை. கடலில் முறை வைத்துத் தூங்கிப் பழக்கம். ஒருத்தர் காவல், மற்றவர்கள் தூக்கம். நான் எழுந்தால் அவர் படுப்பார், அவர் எழுந்தால் நான் படுப்பேன். இத்தனை நாளில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் படுத்தது துறைமுகங்களில் மட்டும்தான். இங்கே கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் படுத்தால் யாரோ வேலையை விட்டுவிட்டு வந்த மாதிரி இருக்கிறது. விடிவதற்குள் ஒருத்தர் எழுந்து ஹாலில் போய் உட்கார்ந்துவிடுகிறோம். எதிர்வீட்டுக்காரம்மா அக்காவிடம் கேட்டாளாம், உன் தங்கச்சி ஊட்ல திருட்டு பயமா, எந்நேரமும் யாராச்சும் முழிச்சினு கீறாங்களே என்று.

காவல் மாறும்போது சே. எனக்கு டீ போட்டு வைப்பார். ஒரு நாளும் தவறியதில்லை. அந்தமானுக்கு வெளியே படகு தலைகீழாகிவிடும் என்று நான் அழுத அன்றும் டீ வந்தது. அது அன்பா, டூட்டியா? கடலில் கேட்கத் தோன்றவில்லை. இங்கே அக்கா வந்து டீ போட்டுவிடுகிறாள். சே. அடுப்பங்கரை வாசல்வரை வந்து, பார்த்து, திரும்பிப் போகிறார். அந்த முகத்தைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருக்கிறது.

பேட்டரி வந்துவிட்டது. "எப்ப கிளம்பலாம்?" என்றேன். மொபைலைப் பார்த்துக்கொண்டே, "காத்து சரியில்ல. ரெண்டு மூணு நாள் போகட்டும்" என்றார்.

அவர் குளிக்கப் போனபோது நானும் பார்த்தேன். தென்மேற்குக் காற்று, மிதமாக. நீரோட்டமும் வடக்கே. நத்தை கண்ணை மூடிக்கொண்டு சென்னைக்கு வரும். காற்று விஷயத்தில் இந்த மனுஷர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. வேறு எதிலாவது சொல்லியிருக்கலாம், காற்றில் இல்லை.

உடம்பு சரியில்லையா? பயமா? கரை கண்ட பிறகு என்ன பயம்?

செப். 20, சனி

மேகமூட்டம். புரட்டாசி சனி, அக்கா தளிகை போட்டு அனுப்பினாள். தேனு மூன்று தரம் சாப்பிட்டாள்.

சே. இந்த வாரம் ரிப்பேர் செய்தவை: மோட்டார், இரண்டு ஃபேன், கேட், எதிர்வீட்டு கேட், தண்ணீர்த் தொட்டி மூடி. கேட்காமலே செய்கிறார். மனுஷர் சும்மா உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று அவருக்கே தெரியவில்லைபோல.

பூந்தமல்லியிலிருந்து ஜமால் பாய் வந்தார். ஷாமியானா வாடகைக்கு விடுகிறவர், மாமாவுக்குப் பழக்கம். வேனில் ஏற்றி வந்த நத்தையின் பழைய பெரிய பாய் மாடியில் கிடக்கிறது, கிழிந்து தைத்துக் கிழிந்தது. பந்தல் ஓரத்துக்கு ஆகுமா என்று தடவிப் பார்த்தார்.

"நல்ல துணிங்க. ஆனா இன்னா இவ்ளோ கோணலா வெட்டியிருக்காங்க? ஒரு பக்கங்கூட நேரா இல்லியே."

"நேரா வெட்டினா காத்து புடிக்காது பாய்," என்றார் சே. பாய் சிரித்துவிட்டார். "எங்களுக்கு காத்து புடிச்சாத்தான் கஷ்டம்."

சே. சும்மாவே எடுத்துக்கொள்ளச் சொல்லி, தானே தூக்கி ஆட்டோவில் வைத்தார். ஆட்டோ தெருமுனை தாண்டவில்லை. இவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடுகிறார். நாய் குரைக்கிறது. பத்து நிமிஷம் கழித்து அந்தப் பாய்த்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்.

"என்ன?"

"தேவப்படும்."

"எதுக்கு?"

மாடிக்குப் போய்விட்டார். பயணம் முடிந்தது என்று ஊருக்குச் சொல்கிறார். காற்று சரியில்லை என்று எனக்குச் சொல்கிறார். கிழிந்த பாயைக் கொடுக்க மனம் வரவில்லை. எதை நம்புவது?

ஜமால் பாய் பாவம். நாளைக்கு போன் பண்ணி மன்னிப்புக் கேட்க வேண்டும்.

செப். 23, செவ்வாய்

அம்பத்தூர் போனேன். வீட்டில் சொன்னது: தேனுவுக்குப் பள்ளிக்கூடம் விசாரிக்க. அதுவும் செய்தேன். பழைய பள்ளியில் வாட்ச்மேன் மட்டும் அடையாளம் கண்டுகொண்டார். "டீச்சர், இன்னா இப்டி கறுத்துட்டீங்க?"

பிறகு அந்த வீடு. நான் பார்த்து வைத்திருந்தது. முதல் மாடி, முன்னால் சின்ன பால்கனி. நானும் தேனுவும் அங்கே இருப்போம் என்று எந்தச் சுவரில் எந்த அலமாரி என்பதுவரை யோசித்திருந்தேன். கடலில் சில காவல்களில் இந்தப் பால்கனியை நினைத்துத்தான் தூங்காமல் இருந்திருக்கிறேன். எதிர்ப்பக்கம் ஜூஸ் கடையில் நின்று பார்த்தேன். வேறு யாரோ குடியிருக்கிறார்கள். கொடியில் ஒரு ஆள் சட்டை, ஒரு நைட்டி, பள்ளிக்கூடச் சீருடை. எனக்கு அழுகை வர வேண்டும். வரவில்லை. அப்பாடா என்று இருந்தது. உடனே, ஏன் அப்பாடா என்று கோபம் வந்தது. தெருவுக்கு நாலு 'டு லெட்' போர்டு தொங்குகிறது. வீடா இல்லை?

சாத்துக்குடி ஜூஸ். ஐஸ் அதிகம். பல் கூசியது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் சீட். ஆவடி செக்போஸ்ட் நெரிசலில் காற்று இடது கன்னத்தில் பட்டது. தென்மேற்கு, என்று மனசுக்குள் சொன்னேன். யாருக்கு இது உபயோகம்?

அக்கா கேட்டாள், "ஏண்டி, ஊடு வந்து சேந்தியேன்னு சந்தோஷமாவே இல்லியே நீ?" இன்னும் சேரலக்கா என்றேன். அவளுக்குப் புரியவில்லை. புரியும்படி சொல்ல எனக்கும் முடியவில்லை.

செப். 26, வெள்ளி

மழை வரும் வரும் என்று வராமல் போனது.

மாமா சாயங்காலம் வந்தார். கையில் பக்கோடா பொட்டலம், வாயில் யோசனை.

"சேகரு, இன்னாத்துக்கு இன்னும் அந்தப் போட்டு அங்க கெடக்குது? கிரேன் வெச்சித் தூக்கி நம்ம ட்ரெய்லர்ல வெச்சா, ஈசியா ஏத்தினு வந்துட்லாம். ஆயுத பூஜ முடியட்டும், ரெண்டாந்தேதி வண்டி அனுப்பறேன். திண்டிவனம், தாம்பரம், பூந்தமல்லி பைபாஸு, பாரிவாக்கம் ஜங்ஷனு, நேரா உன் ஊட்டு வாசல்ல எறக்கிடறேன். ஊரே பாக்கும்."

சிரித்துவிட்டேன். சே. சிரிப்பார் என்று திரும்பிப் பார்த்தேன். ஒரு சின்னப் பாறைக்கு அந்தப் பக்கமாகப் போக வேண்டிய இடத்தில் இந்தப் பக்கமாகப் போய்விட்டோம் என்று இலங்கையில் அரை நாள் வருத்தப்பட்டவர். எஞ்சின் போட்டு ஓட்டிய தூரத்தை ஒவ்வொரு தடவையும் வெட்கத்தோடு தனியாகக் குறித்து வைப்பவர்.

"சரி மாமா. அப்படியே பண்ணிடுங்க," என்றார்.

தேனு, "அப்பா, லாரியிலயா?" என்றாள். அவர் பக்கோடாவில் கருவேப்பிலையைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

நான் மாடிக்கு வந்துவிட்டேன். தொட்டிமேல் உட்கார்ந்து யோசித்தேன். லாரியில் வந்தால் நத்தை சென்னைத் துறைமுகத்துக்குள் நுழையவே நுழையாது. துறைமுகம் வராது. துறைமுகம் வராவிட்டால் பதிலும் வராது. அவ்வளவுதான் விஷயம். காற்றுமில்லை, பயமுமில்லை. இல்லை, பயம்தான். என் வாய்க்குப் பயம்.

முதலில் கோபம் வந்தது. கெட்டிக்காரத்தனம் பண்ணுகிறாரே என்று. பிறகு அவர் அந்தக் கருவேப்பிலையைப் பொறுக்கிய விதம் ஞாபகம் வந்தது.

இரண்டு வாரமாக அவர் என்ன நினைக்கிறார் என்று துருவிக்கொண்டிருக்கிறேன். நான் என்ன நினைக்கிறேன் என்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை. போகிறேன் என்றால் எங்கே, யாரைவிட்டு? முன்பு போகிறேன் என்று சொன்னது வீட்டில் இல்லாத ஒரு ஆளைவிட்டு. இப்போது இருப்பது வேறு ஆள்போல இருக்கிறது. அல்லது கடலில் மட்டும் வேறு ஆளா? கரையில் மறுபடி மசாலா டப்பாவா? (இன்று போய்ப் பார்த்தேன். டப்பாக்கள் வைத்த இடத்திலேயே இருக்கின்றன. இதற்கு என்ன அர்த்தம்?)

செப். 28, ஞாயிறு

வெயில், நல்ல காற்று.

தேனுவும் அக்காவின் சின்ன மகளும் ஆவடி ஏரியில் மிதிபடகு போக வேண்டும் என்று ஒரே அடம். கூட்டிக்கொண்டு போனோம். அவர்கள் இரண்டு பேரும் அன்னப்பறவை மாதிரி ஒன்றில் ஏறிப் போய்விட்டார்கள். மிச்சம் நானும் சே.வும், இன்னொரு பறவையும். டிக்கெட் கிழிக்கிறவர் எங்களுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட்டார்.

"சார், எழுந்து நிக்கக் கூடாது. நடுவுல போய் ஆட்டக் கூடாது. பயந்துகினா கைய ஆட்டுங்க, நாங்க வந்து இட்டாந்துருவோம்."

"சரிங்க," என்றார் சே. மரியாதையாக. ஜாக்கெட் வார் சரியாகப் போட்டிருக்கிறதா என்று என்னுடையதை இழுத்துப் பார்த்தார். பழக்கம்.

மிதித்தோம். முழங்கால் முகவாயில் இடிக்கிறது. ஏரி நடுவில் வந்ததும் கேட்டேன்.

"லாரில வந்தா அது வந்த கணக்கா?"

மிதித்துக்கொண்டே இருந்தார்.

"உன்னத்தான் கேக்கறேன்."

"கணக்கில்லதான்."

"தெரிஞ்சேதான் சரின்னியா?"

"ம்."

கொஞ்ச நேரம் யாரும் மிதிக்கவில்லை. பறவை தானாகத் திரும்பியது. அப்புறம் அவராகவே பேசினார். எதிரில் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, ஒரு வரி, ஒரு நிறுத்தம்.

"துறைமுகத்துக்குள்ள போனா நீ சொல்லியாகணும். நான்தான் அப்படி சொன்னேன். மறுபேச்சு பேச மாட்டேன்னும் சொன்னேன். இப்ப எனக்கு மறுபேச்சு பேசணும்போல இருக்கு. சொன்னத மீறக் கூடாதில்ல. அதான், போகவே வேணாம்னு."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? எத்தனையோ இருக்கிறது. பதிலை நான் யோசிக்கவே இல்லை என்று சொல்லியிருக்கலாம். நீ டீ போடுவது எதற்கு என்று கேட்டிருக்கலாம். என் வாயில் வந்தது:

"லாரி வேணாம். இவ்ளோ தூரம் கடல்ல வந்துட்டு பூந்தமல்லி பைபாஸ்ல வந்து எறங்க என்னால முடியாது. ஓட்டிட்டே போலாம்."

அவர் தலையை ஆட்டினார். முகம் வெளுத்துவிட்டது. நான் துறைமுகத்துக்கு அவசரப்படுகிறேன், பதிலைச் சொல்லத் துடிக்கிறேன் என்றுதானே அவருக்குக் கேட்டிருக்கும்? அப்படி இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கரையில் விசில். நேரம் முடிந்ததாம்.

அப்படி இல்லை என்றால் எப்படி? நான் ஏன் அப்படிச் சொன்னேன்?

தேனு கரையில் சொன்னாள், "பெரிம்மா பொண்ணு பயந்துட்டாம்மா. நான் தைரியம் சொன்னேன்." சிரிக்கப் பார்த்தேன்.

அக். 1, புதன்

ஆயுத பூஜை. அம்பத்தூர் எஸ்டேட் முழுக்க வாழைக்கன்று, பொரி, ஸ்பீக்கர். மாமா ஷெட்டில் லாரிகளைக் கழுவி, பொட்டு வைத்து, மாலை போட்டு நிறுத்தியிருந்தார்கள். நத்தைக்கு என்று ஒதுக்கிய ட்ரெய்லருக்கு மட்டும் இரட்டை மாலை. பூசணிக்காய் உடைத்த பிறகுதான் சொன்னோம், லாரி வேண்டாம் என்று.

மாமாவுக்கு முகம் விழுந்துவிட்டது. "இன்னாம்மா கலா. இதுக்குன்னே மெத்த போட்டு வெச்சிருக்கேன், போட்டு மேல ஒரு கீறல் உழக் கூடாதுன்னு." போய்ப் பார்த்தால், நிஜமாகவே நாலு பழைய மெத்தை, கயிறு போட்டுக் கட்டியிருக்கிறது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. லாரிக்கு இல்லை. எதற்கோ.

சே. பொரித் தட்டை வைத்துவிட்டு மாமா கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பொரி, கடலை, நாலு சாத்துக்குடி. படகுக்கு எடுத்து வைத்தேன்.

அக். 3, வெள்ளி. புதுச்சேரி

விடிகாலையில் கிளம்பி வந்தோம். வானம் சுத்தம். தென்மேற்கு, லேசாக.

நத்தைக்குள் பூஞ்சை வாடை, டீசல் வாடை, ஒரு அழுகின வெங்காயம். உள்ளே இறங்கியதும் மூன்று பேரும் பேசாமல் அவரவர் இடத்துக்குப் போய்விட்டோம். தேனு கயிறு, நான் தண்ணீரும் சமையலும், அவன் பேட்டரி. கால் தடுமாறவில்லை. மூன்று வாரமாக ஆடிய தரை நின்றுவிட்டது.

பக்கத்துப் படகு மீனவர் இத்தனை நாளும் பார்த்துக்கொண்டார். பொரி கொடுத்தேன். "நாளைக்கு ஊடு போயிருவீங்க," என்றார்.

பத்து மணிக்குமேல் கயிறு அவிழ்த்தோம். பழைய பாயையும் கொண்டுவந்திருக்கிறான். சுருட்டி முன்னறையில். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

டீ வந்தது. காவல் மாறக்கூட இல்லை, நட்டநடுப் பகல். சும்மா வந்தது. இதை எந்தக் கணக்கில் எழுதுவது?

அக். 4, சனி

காலை முழுக்க நல்ல ஓட்டம். மகாபலிபுரம் தாண்டியாகிவிட்டது. கோவளம். வெயில் ஏற ஏறக் காற்று இறங்குகிறது. இடது பக்கம் முழுக்கக் கட்டடங்கள், புகை, கலங்கரை விளக்கம். நங்கூரம் போட்டு வரிசையாக நிற்கும் கப்பல்கள். அதற்குப் பின்னால் துறைமுகத்தின் கல்சுவர் கண்ணுக்கே தெரிகிறது.

தேனு சிக்னல் வந்துவிட்டது என்று அக்கா மகளுக்குப் படம் அனுப்பிக்கொண்டிருந்தாள்.

மதியம். காற்று செத்துவிட்டது. பாய் ஒரு தரம் படபடத்துத் தொங்கிவிட்டது. நத்தை அப்படியே நிற்கிறது. தண்ணீர் எண்ணெய் மாதிரி. நான் சுக்கான் பிடித்திருக்கிறேன். அவன் எனக்கு எதிரில், முழங்காலைக் கட்டிக்கொண்டு. சட்டைப் பட்டனை மாற்றிப் போட்டிருக்கிறான்.

"எஞ்சின் போடவா?" என்றான். கேட்டுவிட்டுத் தண்ணீரைப் பார்த்தான்.

போட்டால் சாயங்கால டீக்குத் துறைமுகம். கயிறு கட்டலாம். மாமா மாலையோடு நிற்பார். எல்லாம் முடியும். நான் வாயைத் திறந்தாக வேண்டும்.

"நான் இன்னும் யோசிக்கல," என்றேன். "நெஜமா. இத்தன நாள்ல ஒரு நாளும் யோசிக்கல. எனக்கே தெரியல."

அவன் பேசவில்லை. சொன்ன வாக்கைக் காப்பாற்றுகிறான், பைத்தியம்.

"பேசணும்னா பேசு," என்றேன். "மறுபேச்சு. இப்பவே பேசு. இன்னும் துறைமுகம் வரல."

"போயிடாத கலா," என்றான். அவ்வளவுதான். அவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு போய், அவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்து, இதுதான் மறுபேச்சு.

எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. சுக்கானை விடவும் இல்லை. "எஞ்சின் போடாத," என்றேன்.

இதை அங்கேயே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். நீரோட்டம் எங்களை மெல்ல வெளியே தள்ளுகிறது. கல்சுவர் கொஞ்சம் சின்னதாகிவிட்டது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

தேனு மேலே வந்தாள். "ஏன் நிக்கிறோம்? அதோ தெரியுதே."

"காத்து இல்ல," என்றோம், நானும் அவனும், ஒரே நேரத்தில்.

தேனு என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"எஞ்சின் இருக்கே," என்றாள்.